மண்டபத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு நிர்வாகக் குழுவின் விளக்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் மாரியம்மன் கோயில் திருப்பணி முடிந்துவிட்டது. விமானத்துக்கு வர்ணம், சமையல்கட்டுத் தரை, கழிவறை, பின்பக்கக் கால்வாய் எல்லாம் சொன்னபடி நடந்தன. அவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் நேராகக் கூரை விஷயத்துக்கு வருகிறோம். வாட்ஸாப் குழுவில் இத்தனை நாளாக ஓடுவது அதுதான்.

முதலில் பழைய கூரை. அது வெள்ளைக்காரத் துரை காலத்து அஸ்பெஸ்டாஸ். "கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை) போட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிவிடலாமே, எதற்குக் கூலி?" என்று கேட்டார்கள். அந்தத் தகடு உடைந்தால் பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும். நம் பிள்ளைகளை மேலே ஏற்றிச் சுத்தியலால் தட்டச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோகத் தெரிந்த ஆட்களை வைத்தோம். செலவு கூடியது உண்மை. நாளைக்கே இன்னொரு கூரை என்றாலும் இதைத்தான் செய்வோம்.

அடுத்து குத்தகைக்காரர். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். விலை குறைத்துச் சொன்னவர் புதுக் கூரைக்குப் போடும் உலோகத் தகட்டின் கனத்தையே எழுதவில்லை, கேட்டும் எழுதித் தரவில்லை, அதனால் விட்டோம். எடுத்துக்கொண்டவர் 0.48 மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாதிக் கூரை ஏறிய பிறகு, நம் தொண்டர்களில் ஒருவர், பட்டறைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர், கீழே கிடந்த துண்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். 0.35தான் வந்தது. குத்தகைக்காரரைக் கேட்டால், முதலில் வர்ணப் பூச்சைச் சேர்த்து அளக்க வேண்டும் என்றார் (சேர்த்துத்தான் அளந்தோம்), அப்புறம் தொழிற்சாலையில் சரக்கு இல்லை என்றார், கடைசியில் கோயில் வேலைக்கு நான் லாபமே வைக்கவில்லை என்று எங்களிடமே கோபப்பட்டார். அன்றைக்கே பணத்தை நிறுத்தினோம். அவர் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அக்டோபர் நவம்பர் சாயங்கால மழை, பாதி மண்டபத்துக்குக் கித்தான், தினமும் தண்ணீர் இறைத்த இளைஞர்கள். நம் உறுப்பினர் வீட்டுக் கல்யாணம் ஒன்று சீனப்பள்ளி மண்டபத்துக்கு மாறிப்போனது. அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, மொய்ப் பணத்திலிருந்து திருப்பணிக்கும் கொடுத்தார்கள். "பேசாமல் பணத்தைக் கொடுத்து முடித்திருக்கலாம்" என்பவர்களுக்கு ஒன்று: அது எங்கள் வீட்டுப் பணம் இல்லை. மெல்லிய தகட்டைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு சில வருடத்தில் மறுபடியும் உங்களிடம் வசூலுக்கு வர எங்களால் முடியாது.

சட்டமன்ற உறுப்பினரைப் பற்றியும் பேச்சு வந்தது. குத்தகைக்காரர் அவர் அனுப்பிய ஆள் இல்லை. அவருடைய மானியம் ரொக்கமாக எங்கள் கைக்கு வரவும் இல்லை, மாவட்ட அலுவலகம் வழியாக, வேலை முடிந்த பத்திரங்களைக் காட்டிய பிறகுதான் வந்தது. தகராறு முற்றியபோது அவரே வந்து உட்கார்ந்து, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, எழுதியதைச் செய்யுங்கள் என்று குத்தகைக்காரரிடம் சொன்னார். அதன் பிறகுதான் மெல்லிய தகடுகள் இறங்கி சரியானவை ஏறின. வர்ணம் அடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் தூரிகை பிடித்தார், படம் எடுக்க ஆள் கூட்டி வரவில்லை. அவருக்குத் தனிப் பலகை வைக்கச் சிலர் சொன்னார்கள். அவரே வேண்டாம் என்றதால் கல்வெட்டில் மற்றவர்களோடு வரிசையில் இருக்கிறார்.

கல்வெட்டு ஏன் அவ்வளவு பெரிது என்றும் கேட்டீர்கள். பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கிறது, அதனால்தான். 1960இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டபோது, நம் தாத்தா பாட்டிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைச் சங்கம் வாங்க முடிந்தது. அந்தக் குடும்பங்களில் வந்தவர்கள் கொடுக்கும் பத்து வெள்ளியை "மற்றும் பலர்" என்று எழுத எங்களுக்குச் சம்மதமில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) மாதர் குழு, கீழ் லயத்து மாதர் குழு, சிமெண்டு இறக்கித் தந்து லாரி வாடகை வாங்காத இரும்புக்கடை முதலாளி, மின்விசிறிகள் தந்த டயர்க்கடைச் சகோதரர்கள், பழைய கங்காணி குடும்பத்தின் சிங்கப்பூர் பேரப்பிள்ளைகள், செம்பனை ஆலை இரவு ஷிப்ட் தொழிலாளர்கள், பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தண்ணீர் இறைத்த இளைஞர்கள், அவர்களுக்கு இரவெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்த பாட்டி. பாட்டிக்குப் பொன்னாடை போர்த்தியபோது எங்களில் பலருக்குக் கண் கலங்கியது.

ரசீதுகள் எல்லாம் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன, பூசை நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும், கேள்வி இருந்தால் கூட்டத்திலேயே கேளுங்கள். குத்தகைத் தொகையில் 5 விழுக்காட்டை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்திருக்கிறோம். மண்டபத்தில் ஒழுகலோ துருவோ கண்டால் படம் எடுத்து, தேதி போட்டு, உடனே செயலாளரிடம் கொடுங்கள். அந்தப் பணம் நம் கையில் இருக்கும்போதே குத்தகைக்காரரை வரவழைத்துச் சரிசெய்ய வேண்டும்.

நிர்வாகக் குழுவுக்காக,
செயலாளர்