டெக்சாஸ் மாடு சோழர் கப்பலில் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுப் பொங்கலன்று காலை எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. டெக்சாஸ் லாங்ஹார்ன் மாடு, இரண்டு பக்கமும் ஆள் நீளத்துக்குக் கொம்பு, அடியில் "இது நம் காங்கேயம் காளையின் வாரிசு, சோழர் கப்பலில் அமெரிக்கா போனது, பெருமைப்படு தமிழா". மதியத்துக்குள் ஆளாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் உங்கள் வாசகர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான், சரி. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா, சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான். டெக்சாஸ் எங்கே வந்தது இதில்? கொலம்பஸ் 1493-இல் தன் இரண்டாவது பயணத்தில் கரீபியன் கடலின் இஸ்பானியோலா தீவில் கொண்டுபோய் இறக்கும்வரை அந்தப் பக்கம் வீட்டு மாடே கிடையாது. பைசன் என்ற காட்டெருமை இருந்தது, ஆனால் அதை யாரும் பிடித்துக் கட்டிப் பால் கறக்கவில்லை. 1521-இல் வில்லலோபோஸ் என்ற ஸ்பானியர் தீவுகளிலிருந்து மெக்சிகோவுக்கு மாடுகளை ஏற்றிப்போனார், பிறகு பாதிரிமாரோடும் குடியேறியவர்களோடும் அவை வடக்கே டெக்சாஸ் வரை நடந்தன. அங்கே வேலி இல்லை. தப்பிப்போனது போனதுதான், புதருக்குள் பெருகியது. இனம் பார்த்துச் சேர்க்க ஆளில்லாமல் வறட்சியும் ஓநாயும் கழித்துக்கட்டியது போக மிஞ்சியதுதான் இந்த நீளக்கொம்பு. படத்தில் இருந்தது காயடித்த எருதாகவே இருக்கும், பொதுவாகக் காயடித்ததற்குத்தான் கொம்பு அப்படி நீளும், ஏழு அடியைத் தாண்டுவதும் உண்டு.

இந்தியத் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மாடு பார்க்கப் பேத்தியைக் கூட்டிப்போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, அது முதுகில் என்ன மூட்டை?" அந்தத் திமில்தான் நம் ஊர் மாட்டின் அடையாளம், ஐரோப்பிய மாட்டுக்கு அது கிடையாது. லாங்ஹார்னுக்கும் கிடையாது. ஆனால் 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் மரபணுவைப் பார்த்தபோது, ஏறத்தாழ 85 சதவீதம் திமிலில்லாத மாட்டு வழி, 15 சதவீதம் திமில் மாட்டு வழி என்று தெரிந்தது. திமில் மாடு இந்தியப் பக்கமிருந்து ஆப்பிரிக்கா போய், அங்குள்ள மாட்டோடு கலந்து, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஸ்பெயினை ஆண்ட மூர்கள் காலத்தில் அங்கே ஏறி, பிறகு கொலம்பஸ் காலத்தில் கடல் தாண்டியிருக்கிறது. தூரத்துச் சொந்தம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கலாம், சொத்தில் பங்கு கேட்க முடியாது. உரிமை கொண்டாடியே ஆகவேண்டும் என்றால் அமெரிக்காவின் பிராமன் மாட்டைக் கொண்டாடுங்கள். அது ஓங்கோல், கிர், காங்கிரேஜ் மாடுகளிலிருந்து வந்தது, வெயிலும் உண்ணியும் தாங்குகிற மாடு வேண்டும் என்று 1906-இல் டெக்சாஸ்காரர்கள் இந்தியாவிலிருந்தே வரவழைத்தார்கள்.

உண்ணி என்றதும் ஒன்று. லாங்ஹார்ன் உண்ணியைச் சுமந்துகொண்டு தான் நன்றாகவே இருக்கும், அதை விற்க வடக்கே ஓட்டிப்போன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுதான் காய்ச்சல் வந்து செத்துவிழும். கான்சாஸ் விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்ததற்குக் காரணம் இதுதான். உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று உறுதியானது 1893-இல். மாட்டை அவ்வளவு தூரம் நடத்தியதற்குக் காரணம் விலை: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த சமயம் டெக்சாஸில் நாலு டாலருக்கு விற்ற மாடு வடக்கே நாற்பது டாலர். 1867-இல் கான்சாஸின் அபிலீன் ரயிலடி திறந்ததும் லட்சக்கணக்கில் ஓட்டிப்போனார்கள். 1874-இல் முள்கம்பி வந்தது, திறந்த மேய்ச்சல் சில வருடத்தில் முடிந்தது.

ஓட்டியவர்கள் எல்லாம் வெள்ளைக்காரக் கவ்பாய் என்று சினிமா பார்த்து நம்புகிறோம். கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் நிறையப் பேர். தொழிலைச் சொல்லிக்கொடுத்ததே மெக்சிகோவின் வக்கேரோக்கள், வாக்கா என்றால் ஸ்பானிய மொழியில் பசு. ராஞ்ச், ரோடியோ, லாரியட் கயிறு எல்லாம் அவர்கள் சொற்கள்தான். சுருக்கு விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றுவார்களே, அதற்கு ஆங்கிலத்தில் டாலி என்று பேர். ஸ்பானியர் "டாலே வுவெல்டா", அதாவது ஒரு சுற்று சுற்று என்றதைக் காதில் விழுந்தபடி எடுத்துக்கொண்டது.

மாட்டுப் பெருமைக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவை விட்டு எதற்கு வெளியே போகவேண்டும்? தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வியாபாரிகள் கூடிய இடம் அது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை, பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். கேகே மருத்துவமனையில் பிறந்த எத்தனை பேருக்கு அந்த இரண்டு எழுத்தும் கண்டாங் கெர்பாவ், அதாவது மலாயில் எருமைப் பட்டி என்று தெரியும்? என் தாத்தா அந்தப் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அடுத்த பொங்கலுக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள் ஐயா, நானே அதைக் குழுவில் பகிர்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அங் மோ கியோ