ஏழு மாதம் என்னோடு காத்திருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 71 வயதில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஏழு மாதம் கழித்துக் கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்கிய ஒரு பெண் எழுதும் மடல் இது. ஒவ்வொருவரிடமும் நேரில் கைகூப்பிச் சொல்ல வேண்டிய நன்றியை, என் வயதில் எலும்பு முறிந்து கிடக்கும் யாருக்கேனும் பயன்படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

எனக்கு அறுவை நடந்த அதே மாதத்தில் என் ஏழு வயதுப் பேரனும் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். நான்கு வாரத்தில் அவனுடைய மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எனக்கோ ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயிலும் முறிவுக் கோடு கத்தியால் கீறியதுபோல அப்படியே இருந்தது. "இந்த வயதில் இனி எங்கே கூடப்போகிறது" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அன்றிரவு முழுவதும் அழுதேன்.

மறுநாள் என் எலும்பு மருத்துவர் எங்கள் இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அரைமணி நேரம் விளக்கினார். முன்கையையும் கீழ்க்காலையும் ஒப்பிடுவதே சரியல்ல, கீழ்க்கால் எலும்பு இளைஞர்களுக்கே கூடுவதற்கு மூன்று நான்கு மாதம் எடுக்கும் என்றார். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அதைச் சுற்றி எழும் அழற்சி பழுதுபார்க்கும் செல்களை அழைத்து வருகிறது. பிறகு குருத்தெலும்பால் மெத்தென்று ஒரு பாலம் அமைந்து, அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. வயதானாலும் இந்த வரிசை மாறுவதில்லை. ஆனால் குழந்தைகளுக்குத் தடிப்பாக இருக்கும் எலும்புறை நம் வயதில் மெலிந்துவிடுகிறது. புது எலும்பை உருவாக்கும் மூலச் செல்கள் குறைகின்றன. இரத்தக் குழாய்கள் தாமதமாகவே முளைக்கின்றன. அழற்சியும் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் இழுத்துக்கொண்டே போகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயதான எலியை இளம் எலியோடு ஒரே இரத்த ஓட்டத்தில் இணைத்தபோது வயதான எலியின் முறிவு முன்னைவிட நன்றாகக் கூடியது என்பதையும் அவர்தான் சொன்னார். முதிய எலும்புக்குள்ளும் கூடும் திறன் இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

ஐயா, மாதவிடாய் நின்ற பிறகு சன்னமாகிப்போன என் எலும்பில் திருகாணிகள் உறுதியாகப் பிடிக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து, எலும்பின் உட்குழலில் நீளமான கம்பியைச் செலுத்திப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்தீர்கள். அந்தக் கம்பியை நம்பித்தான் பிறகு நான் காலை ஊன்றினேன்.

காலை ஊன்றக் கற்றுக்கொடுத்தவர் என் மகள் வயதுள்ள பிசியோதெரபிஸ்ட். உடல் எடை பார்க்கும் கருவியை என் வலது பாதத்தின் கீழ் வைத்து, "முள் பத்தைத் தொடும்வரை அழுத்துங்கம்மா, அதுக்கு மேல வேண்டாம்" என்பார். பத்து கிலோ பாரம் என்றால் பாதத்துக்கு எப்படியிருக்கும் என்று கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு பதினைந்து, பிறகு இருபது. அளவான பாரம் விழுந்தால்தான் அங்கே வேலை நடக்க வேண்டும் என்பது எலும்புக்குத் தெரியும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பயந்து படுத்தே கிடந்திருந்தால் தசை கரைந்திருக்கும், காலில் இரத்தம் உறைந்திருக்கவும் கூடும். மகளே, உன் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

வார்டுச் செவிலியர், நான் தட்டில் மிச்சம் வைத்ததைக் கண்டு, புரதம் இல்லாமல் எதைக்கொண்டு எலும்பு கட்டுவது என்று உரிமையோடு கடிந்துகொண்டார். வைட்டமின் டி குறைவாக இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர் நினைவூட்டிச் செய்த பரிசோதனையால்தான். மேல்வீட்டுத் தம்பி குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தந்தார்.

பதினான்காவது வாரம் எக்ஸ்ரே எடுத்த தம்பியை என்றும் மறக்க மாட்டேன். முறிவின் ஓரத்தில் பனி படிந்ததுபோல ஒரு மங்கலான வெண்மை. அதன்மேல் விரல் வைத்து, "இதுதாம்மா புது எலும்பு" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கால் கூடியதும் என்னை அனுப்பிவிடாமல், எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்து அதற்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இந்த மடலின் பிரதியை உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வருகிறேன். சக்கர நாற்காலி வேண்டாம். வாசலிலிருந்து நடந்தே வருவேன்.

என்றும் நன்றியுடன்,
வார்டில் நீங்கள் "அம்மா" என்று அழைத்தவள்