அடுக்ககத்தில் இருப்பவருக்கும் ஒரு பிளக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மின்சாரக் கார் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்ற கணக்கிலேயே கட்டுரை முழுதும் போய்விட்டது. சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை ஓட்டிப் போகிறவர்களுக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் மின்சாரக் காரோடு அன்றாடம் வாழ்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. மொரீஷியஸில் மின்சாரக் கார் வைத்திருப்பவள் என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தீவு வடக்கே இருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர், கிழக்கே இருந்து மேற்கே 45 கிலோமீட்டர். அவ்வளவுதான். கிராண்ட் பேயில் புறப்பட்டு மஹேபூர் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்புகிறவர், இந்நாட்டில் ஒரே நாளில் போகக்கூடிய மிக நீண்ட பயணங்களில் ஒன்றை முடித்துவிட்டார் என்று பொருள். இன்று விற்கும் சிறிய மின்சாரக் கார்கூட அதைச் சிரமமில்லாமல் ஓடிவிடும். வழியில் நின்றுபோகுமோ என்ற பயம் வாங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் இருக்கிறது. வாங்கிய பிறகு சீக்கிரமே போய்விடுகிறது.

மேட்டில் ஏறும்போது பேட்டரி தீர்ந்துவிடாதா என்று மேட்டுநிலத்தில் குடியிருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். தலைநகர் போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது. மேட்டுநில நகரமான கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரத்தில். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் ஏற்ற, வழக்கமான ஓட்டத்துக்கு ஆவதைவிட இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் கூடுதலாகச் செலவாகும். அதாவது சமதரையில் ஒரு பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம். மறுநாள் காலை இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து, அதில் நல்ல பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் காரில் அந்த இறக்கம் முழுவதும் பிரேக் கட்டைகளைத் தேய்ப்பதில்தான் வீணாகும். போர்ட் லூயிஸ் நெரிசலில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு யூனிட்தான்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? இரவு கார் நிற்கும் இடத்தில்.

எனக்குக் காத்ர் போர்னில் சொந்த வீடு. வாசலிலேயே கார் நிற்கிறது. எலக்ட்ரீசியனை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், சரியான எர்த் என்று ஒரு லைன் போட்டுக்கொண்டேன். மாலையில் ஊரே விளக்கும் அடுப்பும் போடுகிற நேரத்தை விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது செருகிவிடுவேன். சாதாரண 230 வோல்ட் லைனில் 10 ஆம்பியர் எடுத்தாலே எட்டு மணி நேரத்தில் 18 யூனிட் ஆகிவிடும். வீணாவது போக சுமார் 100 கிலோமீட்டர் ஓடலாம். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ப் பாதி வழி திரும்பியும் வந்துவிடலாம். இந்த ஊரில் கார் வைத்திருப்பவருக்குத் தேவை பெரும் பணம் போட்டுக் கட்டிய அதிவேக நிலையம் அல்ல. இரவு முழுதும் மெதுவாக மின்சாரம் தரும் ஒரு நல்ல பிளக் போதும்.

என் அக்கா மகன் ரோஸ் ஹில்லில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறான். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்த அவனுக்கென்று பத்திரத்தோடு ஓர் இடம் உண்டு. தன் செலவிலேயே அங்கே ஒரு லைன் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் சிண்டிக்கிடம், அதாவது கட்டடத்தின் பொது நிர்வாகத்திடம், எழுதிக் கேட்டான். முடியாது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பொது மின்கட்டணம் ஏறும் என்றார்கள். தனி மீட்டர் வைக்கிறேன் என்றான். தீப்பிடிக்கும் என்றார்கள். அதற்குமேல் பேச்சே இல்லை. அவன் இப்போது பழைய பெட்ரோல் காரையே ஓட்டுகிறான். அதே கட்டடத்தில் வேறொருவர் ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் செய்கிறார் என்று சொன்னான். கேட்டதும் எனக்கு நெஞ்சு பதைத்தது. மணிக்கணக்கில் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும்போது மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் சூடேறி உருகும். ஆபத்து என்று சொல்லி முறையான லைனை மறுக்கிறவர்கள், உண்மையான ஆபத்தைத்தான் ஜன்னலில் தொங்கவிடுகிறார்கள்.

தீப்பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், ஏராளமான தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம். ஆனால் மின்சாரக் கார்கள் நிறைய ஓடும் ஸ்வீடன் போன்ற நாடுகளின் பதிவுகளைப் பார்த்தால், பெட்ரோல், டீசல் கார்களைவிட இவை தீப்பிடிப்பது குறைவு. பெட்ரோல் டாங்க்கோடு நிற்கும் கார்களை அதே கீழ்த்தளத்தில் யாரும் தடுப்பதில்லையே!

வெள்ளப் பயத்துக்கு அதைவிடக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 15 அன்று பேலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் தலைநகரில் 11 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே தரைக்குக் கீழே உள்ள தளங்களில் பிளக்கும் பிரேக்கரும் உயரத்தில் இருக்க வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் மொத்த இணைப்பையும் ஒரே சுவிட்சில் துண்டிக்க வழி வேண்டும், வெள்ளத்தில் நின்ற காரை மெக்கானிக் பார்க்கும்வரை சார்ஜில் போடக்கூடாது. இதையெல்லாம் விதியாக எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பக்கத்துத் தீவான ரீயூனியனைப் பாருங்கள். அது பிரான்சின் ஒரு மாவட்டம், அங்கே பிரெஞ்சுச் சட்டம் நடக்கிறது. அந்தச் சட்டப்படி, அடுக்ககத்தில் இருப்பவர், வாடகைக்காரராக இருந்தாலும் சரி, தன் செலவில் தன் வண்டி நிறுத்தும் இடத்தில் சார்ஜ் வசதி செய்துகொள்ளக் கேட்டால், தக்க காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. எதிர்ப்பதானால் 3 மாதத்துக்குள் கட்டட உரிமையாளர் தரப்பே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். காரணம் காட்டும் பொறுப்பு மறுக்கிறவர் தலையில் இருக்கிறது. எங்கள் சிவில் சட்டமும் அதே பிரெஞ்சு வேரிலிருந்து வந்ததுதான். சிண்டிக் முறையே அங்கிருந்து வந்ததுதான். அந்த ஒரு விதியையும் எடுத்துக்கொள்வதில் என்ன தடை?

எங்கள் அரசு மின்சாரக் கார்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலையிலிருந்து கலால் வரியை நீக்கியது, வாங்குகிற தனிநபருக்கு 2 லட்சம் மொரீஷியஸ் ரூபாய் வரை சலுகையும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வரிச் சலுகை ஒரு பட்ஜெட்டில் வரும், இன்னொரு பட்ஜெட்டில் போகும். அதில் பெரும் பயன் பெற்றவர்கள் என்னைப் போலச் சொந்த வாசல் உள்ளவர்கள்தாம். அடுக்ககத்திலும் வாடகை வீட்டிலும் இருக்கும் இளம் குடும்பங்களுக்குக் கார் விலை குறைந்து என்ன பயன், இரவு செருக இடம் இல்லையென்றால்? பொது நிலையத்தில் சார்ஜ் செய்தால் யூனிட்டுக்குக் கூடுதல் பணம், காத்திருப்பு வேறு. வசதி குறைந்தவரே அதிகம் செலவழிக்க வேண்டியதாகிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் எண்ணெயிலும் நிலக்கரியிலும் இருந்துதான் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் தருகின்றன, வெட்டு முடிந்ததும் அதே கொதிகலன்களில் நிலக்கரி. ஆனாலும் பெட்ரோல் எஞ்சின், எரிகிற எண்ணெயில் பெரும்பகுதியை வெறும் சூடாக வெளியே விடுகிறது. நாளை சூரிய மின்சாரம் கூடினால் என் கார் தானாகவே சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு அந்த வழி இல்லை.

உங்கள் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்டு முடிக்கிறேன். புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடங்களில் 20 விழுக்காட்டை சார்ஜ் செய்ய ஏற்றவாறு அமைக்க வேண்டும் என்று இந்தியாவின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-இல் சேர்த்தார்கள். பழைய கட்டடங்களில் சென்னை, கோவை அடுக்ககச் சங்கங்கள் இதை எப்படித் தீர்த்தன? தனி மீட்டரா, பொது மீட்டரில் கணக்கா? ஒயர் இழுத்த செலவை யார் ஏற்றார்கள்? எதிர்த்தவர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்? செய்து முடித்தவர்கள் விவரமாக எழுதினால், ரோஸ் ஹில்லில் அடுத்த சிண்டிக் கூட்டத்துக்கு அந்தப் பக்கங்களை என் அக்கா மகன் கையில் கொடுத்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காத்ர் போர்ன், மொரீஷியஸ்