ஜீவனாம்ச வழக்கில் எங்களுக்குத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

என் தாயார் தொடர்ந்த ஜீவனாம்ச வழக்கு சென்ற மாதம் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடிந்தது. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா தம் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்திருந்தார். அதை மடலாக எழுதும் பொறுப்பு மூத்த மகளாகிய என்னிடம் வந்தது. வழக்கின் இரு தரப்பும் எங்கள் குடும்பமே என்பதாலும், தம்பிக்கு 12 வயதுதான் என்பதாலும், பெயர், ஊர், நீதிமன்றம் எதையும் இங்கே குறிப்பிடவில்லை. உதவியவர்களுக்குத் தம்மைத்தான் சொல்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

முதல் நன்றி, இலவசச் சட்ட உதவி வழங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் புதன்கிழமைதோறும் அமரும் சட்டத் தன்னார்வலர் அம்மையாருக்கு. அவரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாள்களை வருமானச் சான்றிதழுக்காக அலைந்தே கழித்திருந்தோம். இலவசச் சட்ட உதவி என்றால் வறுமைக்குச் சான்று காட்டியாக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பியதால் வந்த அலைச்சல் அது. அவரோ 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்து என் கையிலேயே கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். பெண்களும் குழந்தைகளும் அந்தப் பிரிவில் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. படித்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இரண்டு நாள் கூலியை இழந்த வருத்தமும் இருந்தது.

அதன்பிறகு அவர் அம்மாவின் துணிப்பையை மேசையில் கொட்டச் சொன்னார். பள்ளிக் கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், கசங்கிய திருமணப் பத்திரிகை என எல்லாம் கலந்து விழுந்தன. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டு, முதலில் தேதி, அடுத்து நடந்தது, மூன்றாவதில் அதற்கான காகிதம் என்று என்னை எழுதச் சொல்லிவிட்டு, அவர் வேறொரு குடும்பத்தோடு பேசப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்தவர், நான் எழுதியதை விட்டுவிட்டு மூன்றாம் கட்டத்தில் காலியாக இருந்த இடங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். “இதுக்கெல்லாம் என்ன காட்டப் போறீங்கக்கா?” என்று அம்மாவைக் கேட்டார். வழக்கு என்றால் என்ன என்பது எனக்கு முதன்முதலில் விளங்கியது அந்தக் காலி இடங்களைப் பார்த்தபோதுதான்.

அவர் வழக்கறிஞர் அல்லர். அதை அவரே பலமுறை சொன்னார். ஆனாலும், தெரிந்தவர் கொடுத்த பழைய மனுவைப் பார்த்து நான் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்த மனுவில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு என்றே இருந்ததை முதலில் கண்டவர் அவர்தான். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஜீவனாம்சம் அதில் 144ஆம் பிரிவு. பழைய மாதிரிகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருப்பதால், எங்களைப் போல் தாமே மனு எழுத முயல்வோர் இதைக் கவனிப்பது நல்லது.

ஆணைக்குழு எங்களுக்கு ஒதுக்கிய வழக்கறிஞருக்கு அடுத்த நன்றி. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, தன் 13ஆம் பிரிவில், வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை ஒரு தரப்பினரின் உரிமையாகக் கொள்ள முடியாது என்கிறது. இதை முதல் நாளே விளக்கிய அவர், காகிதங்களைத் தாம் சரிபார்ப்பதாகவும், நடந்ததை நீதிபதியிடம் அம்மாவே தம் வாயால் சொல்லப் பழக வேண்டும் என்றும் கூறினார். எங்களுக்குப் பிடிக்காததையும் அவர் மறைக்கவில்லை. மனுவில் தம்பியோடு என் பெயரையும் சேர்த்திருந்தோம். எனக்கு 19 வயது ஆகிவிட்டதால் அந்த 144ஆம் பிரிவின்கீழ் நான் கேட்க இயலாது என்று சொல்லி, என் பெயரை அவரே அடித்தார். மணமாகாத மகள் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் தனியாகக் கேட்க வழியுண்டு என்பதையும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். நான் கேட்கவில்லை. அது ஏன் என்று அவர் துருவிக் கேட்காததற்கும் நன்றி.

சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை வெளிப்படுத்தும் பிரமாணப் பத்திரம்தான் எங்களை மிகவும் வாட்டியது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்புக்குப் பின், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். தையலில் வரும் வருமானத்தை எழுதாதே, எழுதினால் தொகை குறைந்துவிடும் என்று உறவினர் சிலர் அம்மாவுக்கு அறிவுரை சொன்னார்கள். வழக்கறிஞர் ஒரே வார்த்தையில் “எழுதுங்க” என்றார். எழுதினோம். செலவுப் பக்கத்தில் தம்பிக்கும் எனக்கும் ஆவதையெல்லாம் வரிவரியாக நிரப்பிய அம்மா, தமக்கென்று இருந்த கட்டங்களில் எல்லாம் ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார். தன்னார்வலர் அம்மையார் அதைத் திருப்பிக் கொடுத்து, “தைராய்டு மாத்திரை யாருக்கு வாங்குறீங்க?” என்று கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் மறுபடி எழுதப்பட்டது.

இதற்கிடையில் தம்பியின் படிப்பு நின்றுவிடும் நிலை வந்தது. நாங்கள் வீடு மாறியிருந்தோம். அவன் முன்பு படித்த பள்ளி கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணமாக்கிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நான் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை வாங்கிப் படித்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, அது தமக்குத் தெரிந்ததுதான் என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே அவனை 7ஆம் வகுப்பில் உட்கார வைத்தார். தலைமையாசிரியை அம்மா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நீதிமன்ற ஊழியர்களைப் பற்றிப் பொதுவில் நல்ல பேச்சு குறைவு. எங்கள் அனுபவம் வேறு. சம்மன் இரண்டு முறை ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சார்வான (போய்ச் சேர்ந்த) நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நோட்டீஸே போய்ச் சேராவிட்டால் அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. முகவரியில் பழைய கதவு எண் இருப்பதைக் கண்டுபிடித்துப் புதிய எண்ணுடன் மனுச் செய்யச் சொன்ன எழுத்தர் ஐயாவுக்கும், பெயர் கூப்பிட்டது காதில் விழாமல் நடையின் கடைசியில் நின்றிருந்த அம்மாவைத் தேடிவந்து மீண்டும் கூப்பிட்ட டவாலி அண்ணனுக்கும் நன்றி. அன்று அவர் வராமல் இருந்திருந்தால், மனுதாரர் வரவில்லை என்று பதிவாகியிருக்கும்.

குடும்ப நீதிமன்ற ஆலோசகர் தம்பியைத் தனியே அழைத்துப் பேசினார். யாரோடு இருக்க விருப்பம் என்று அவர் கேட்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்றுதான் கேட்டாராம். அப்பாவோடு கிரிக்கெட் விளையாடுவேன் என்று சொல்லியிருக்கிறான். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அப்பாவைப் பார்ப்பது என்ற ஏற்பாடு அந்தப் பதிலிலிருந்தே பிறந்தது. அதற்குச் சம்மதித்த என் தந்தையாருக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

மக்கள் நீதிமன்றத்தில் பிறப்பிக்கப்படும் தீர்ப்பாணை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்திடும் முன் நிபந்தனைகளை இரண்டு முறை தமிழில் வாசிக்கச் செய்த அமர்வின் தலைவர் ஐயாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். இரண்டாம் வாசிப்பில்தான், மாதத்தின் எந்தத் தேதிக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பது விடுபட்டிருந்ததை அம்மா கவனித்துச் சொன்னார். 10ஆம் தேதி என்று கையாலேயே சேர்த்து எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுத்த தையற்கூட உரிமையாளர், நகல் எடுக்கையில் பக்கங்கள் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்ட கடைத் தம்பி, தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த மாடிவீட்டுத் தாத்தா ஆகியோருக்கும் நன்றி.

தேதி, நடந்தது, காகிதம் என்று மூன்று கட்டம் போட்ட அந்தத் தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்து, காலிப் படிவமாக ஐம்பது நகல் எடுத்து, போன புதன்கிழமை தன்னார்வலர் அம்மையாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாம் கட்டத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். மாற்றி எடுத்து வைத்திருக்கிறேன். வரும் புதன் கொண்டுவருகிறேன், அம்மையாரே.

இப்படிக்கு,
மனுதாரரும் அவருடைய மக்கள் இருவரும்