புதிய பதிப்புக்கு முன் டேட்டாபேஸ் பேட்ச்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றப்போகிறோம் என்று சொன்னதிலிருந்து உங்களில் பலர் போனில் கேட்பது ஒன்றுதான்: "டேட்டாபேஸ் நல்லாத்தானே ஓடுது, அதுக்கு எதுக்கு இப்ப பேட்ச்?" ஓடுவதில் கை வைக்கத் தயங்குவது நியாயம்தான். எங்களுக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனாலும் பேட்சை (டேட்டாபேஸ் மென்பொருளின் கோளாறுகளைச் சரிசெய்யும் சிறு திருத்தத்தை) முதலில் போட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதன் பிறகே புதிய பதிப்பை ஏற்றுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் பில்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளின் பெயர் போஸ்ட்கிரெஸ். உங்களில் சிலரிடம் இன்னும் அதன் பதிப்பு 14.3-ஓ அதற்கு முந்தைய 14-ஓ இருக்கிறது. 14.0 முதல் 14.3 வரை ஒரு கோளாறு உண்டு. வேலையை நிறுத்தாமல், ஆட்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இண்டெக்ஸ் (பதிவுகளைச் சீக்கிரம் தேடியெடுக்க உதவும் அட்டவணை) உருவாக்கினால், அந்த நேரத்தில் திருத்தப்பட்ட சில பதிவுகள் இண்டெக்ஸில் விடுபட்டுப்போகலாம். எர்ரர் எதுவும் வராது. பட்டியலை முழுக்க ஓட்டினால் பில் கண்முன்னே இருக்கும். அதே பில் எண்ணைக் கொடுத்துத் தேடினால் 'இல்லை' என்று வரும். எப்போதிருந்து காணவில்லை என்றே தெரியாது என்பதுதான் இதில் எங்களைப் பயமுறுத்துவது. 2022 ஜூனில், வழக்கமான வெளியீட்டு நாளுக்குக் காத்திராமல், போஸ்ட்கிரெஸ் குழுவினர் 14.4-ஐ வெளியிட்டு இதைச் சரிசெய்தார்கள்.

எங்கள் புதிய பதிப்பு ஏறும்போது பெரிய டேபிள்களில் இதே முறையில்தான் இண்டெக்ஸ் உருவாக்குகிறது. பேட்ச் இல்லாமல் ஏற்றினால் கோளாறை நாங்களே கொண்டுவந்து வைத்ததாகிவிடும். ஏற்கெனவே கெட்டுப்போன இண்டெக்ஸ் பேட்ச் போட்டதும் தானாகச் சரியாகிவிடாது. அதனால் அதே இரவில் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டித் தருகிறோம்.

"ரெண்டையும் ஒரே ராத்திரியில முடிச்சிடுங்களேன்" என்றும் சிலர் கேட்டீர்கள். மறுநாள் காலையில் ஸ்டாக் ரிப்போர்ட் திறக்க மறுத்தால், காரணம் பேட்சா புதிய பதிப்பா என்று எதை வைத்துப் பிரிப்பது? இந்தப் பேட்ச் நிரல் கோப்புகளை மட்டும்தான் மாற்றும், டேட்டா இருந்தபடியே இருக்கும். வேண்டாமென்றால் பழையதைத் திரும்பப் போடலாம். புதிய பதிப்பு டேபிள்களையே மாற்றிவிடும். அதற்குப் பிறகு திரும்ப வேண்டுமானால் பேக்கப் ஒன்றுதான் வழி.

பேட்சே சிக்கலைக் கொண்டுவரும் என்ற பயமும் வீண் அல்ல. 2024 நவம்பர் 14-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17.1, சில எக்ஸ்டென்ஷன்களோடு (டேட்டாபேஸுடன் சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்களோடு) ஒத்துப்போகாமல், ஒரே வாரத்தில் 17.2 வரவேண்டியதாயிற்று. அதனால்தான் சுடச்சுட வந்த பேட்சை உடனே போடுவதில்லை. உங்கள் டேட்டாவின் நகலில் முதலில் ஓட்டிப் பார்ப்போம்.

பேட்ச் போடும் அன்று பில் வேலை முடிந்ததும் எல்லோரும் லாக்அவுட் செய்துவிடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, கடைசி பில் எண்ணை உங்களிடம் போனில் கேட்டுச் சரிபார்த்த பிறகே தொடங்குவோம். அதே டேட்டாபேஸோடு வேறு யாருடைய மென்பொருளாவது இணைந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் எடுக்கும் நகலில் அது தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருள் பராமரிப்புக் குழுவினர்