தரைத்தகட்டை மீட்டுத் தந்த ஐயாவுக்கு நன்றி

பெயர் சொல்லாமல் போய்விட்ட வெல்டர் ஐயா, இது உங்களுக்கு.

என் பழைய ஜீப்பின் தரை துருவேறிச் சல்லடையாகியிருந்தது. இனிப் பயனில்லை, உடைத்துவிடலாம் என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். வேறு வேலையாக அங்கே காத்திருந்த நீங்கள், யாரும் கேட்காமலே வண்டிக்கடியில் படுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினீர்கள். மங்கிய ஓசை வந்த இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்களில் தரைக்கடியிலுள்ள தாங்குசட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே தின்கிறது என்று காட்டியதும் நீங்கள்தான்.

வெட்டுவதற்கு முன் உடல்கூடு வளையாதபடி குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றினீர்கள். புதுத் தகட்டை ஒரே ஓட்டமாக இணைக்காமல், இங்கொரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு என்று சூடு ஆற ஆற வைத்த அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது! அதனால்தான் தகடு நெளியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்புகளில் துத்தநாகப் பூச்சு, நீர் வடியத் துளைகள், எதையும் விடவில்லை. கூலி கொடுக்க வந்தபோது நீங்கள் கிளம்பிவிட்டிருந்தீர்கள்.

ஐயா, இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். வண்டி உறுதியாக ஓடுகிறது. நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.