மெகலோடான் என்று சொல்லி அழைத்து வராதே

லேக்லாந்து, புளோரிடா

அன்புள்ள மகேஷுக்கு,

பிப்ரவரியில் யாழினியைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆற்றில் சுறாப் பல் சலித்துத் தேட, காரேஜில் உட்கார்ந்து அவளுக்கென்று சின்னதாக ஒரு சல்லடை செய்துகொண்டிருக்கிறார். போனில் நீ சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதே சொல்லியிருப்பேன், பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் மெகலோடான் என்கிற அந்தக் காலத்து ராட்சதச் சுறாவின் பல் ஒன்றை வாங்கி வந்து, அவள் பார்க்காத நேரம் சல்லடைக்குள் போட்டுவிடலாம் என்றாயே, அந்தத் திட்டத்தை விட்டுவிடு. மினியாபொலிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்து குழந்தை வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்கிற உன் கவலை புரிகிறது. ஆனால் இங்கே நம் பீஸ் ஆற்றில் வெறுங்கையோடு திரும்புவதுதான் கஷ்டம். சரளை இருக்கிற இடம் பார்த்து அரை நாள் சலித்தால் சின்னச் சின்னச் சுறாப் பற்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். சுலபத்தில் கிடைக்காதது நீ ஆசை காட்டி வைத்திருக்கிற அந்தப் பெரிய பல்தான். அதைச் சொல்லி அழைத்து வந்தால், சல்லடையில் வருகிற மற்றதெல்லாம் அவளுக்குக் குப்பையாகத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆற்றுப் பல் கறுப்பு, கருஞ்சாம்பல், சில சமயம் பழுப்பு. மண்ணில் இருக்கிற தாதுக்கள் ஏறிய நிறம் அது. விலைக்கு வருவது இந்தோனேசியாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். கரோலினாப் பக்கம் கடலில் மூழ்கி எடுத்ததாக இருக்கலாம். உடைந்த இடத்தில் பசையும் சாயமும் பூசிச் சரிக்கட்டியதாகவும் இருக்கலாம். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ‘பீஸ் ஆற்றில் நானே எடுத்தது’ என்று அவள் காட்டுவாள். ஒரு புதைபடிவம் எங்கே கிடைத்தது என்பது தெரியாவிட்டால் அதன் மதிப்பில் பாதி போய்விட்டது என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பாதியை நாமே பொய்யாக்கி அவள் கையில் கொடுப்பதா? இன்னும் நாலைந்து வருஷத்தில் அவளே கண்டுபிடித்தும் விடுவாள். இந்த விஷயத்தில் அவள் உன் மாதிரி இல்லை, அவள் அம்மா கவிதா மாதிரி.

சரி, என்னதான் கிடைக்கும், எப்படித் தேடுவது என்று கேட்டாயல்லவா, சொல்கிறேன்.

ஆறு பார்டோ ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி, வாச்சுலா, ஜோல்ஃபோ ஸ்பிரிங்ஸ், ஆர்கேடியா என்று தெற்கே இறங்கி, சார்லட் ஹார்பர் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. நூறு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் பழுப்பாக இருக்கும். பார்த்தவுடனே யாழினி முகம் சுளிப்பாள், அழுக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வை. கரையோர மரங்களின் இலையும் கட்டையும் ஊறி இறங்கிய சாயம்தான் அது. நாம் போகப்போவது ஜோல்ஃபோ ஸ்பிரிங்ஸில் இருக்கிற பயனியர் பார்க். காரை நிறுத்திவிட்டு நடந்தே ஆற்றில் இறங்கலாம். ஆர்கேடியாவுக்கு மேலே கனூ வாடகைக்கு எடுத்து மிதந்துகொண்டே ஆங்காங்கே இறங்கிச் சலிப்பவர்களும் உண்டு. குழந்தையோடு முதல் தடவைக்கு அது தோதுப்படாது.

இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கடல். இங்கே கிடைக்கிற சுறாப் பற்கள் பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டு, முன்னே பின்னே இருக்கும். அப்போது இங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் ஏறியும் இறங்கியும் கிடந்தது. சுறாவுக்குப் பல் விழுந்துகொண்டே இருக்கும். பின்வரிசைப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும். அப்படியானால் எலும்பு எங்கே என்று யாழினி கேட்பாள். நீ சுறாப்புட்டு தின்று வளர்ந்தவன், பதில் உனக்கே தெரியும். வேகவைத்துத் தோலை உரித்து உதிர்க்கும்போது முள் என்று ஒன்று கையில் குத்துமா? நடுத்தண்டுகூடக் குருத்தெலும்புதான். அது மட்கிப் போய்விடும். பல்லின் மேல்பூச்சு ஃப்ளூரின் கலந்த பாஸ்பேட் தாது. அது தாக்குப் பிடிக்கும். சேற்றில் சீக்கிரம் புதைந்த பல்லுக்குள் மண்ணிலிருக்கிற தாதுக்கள் மெல்ல ஏறி, இன்னும் கனமாகி, இப்படிக் கறுத்துப் போகிறது.

இந்தப் பாஸ்பேட்டை வைத்துத்தான் இந்த ஊர்களே பிழைத்தன. வட்டாரத்துக்கே போன் வேலி என்று பெயர், எலும்புப் பள்ளத்தாக்கு. 1888இல் ஆர்கேடியா பக்கம் ஆற்றுக்குள்ளிருந்தே பாஸ்பேட் கூழாங்கல்லை அள்ளத் தொடங்கினார்கள். நிலத்தைத் தோண்டினால் இன்னும் லாபம் என்றானதும் ஆற்றை விட்டுவிட்டார்கள். நமக்கு நல்லதாயிற்று.

நீ வருகிற மாதம் சரியான மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும், ஆறு மேலேறிவிடும், உள்ளே கால் வைக்க முடியாது. குளிர்காலத்தில் வடிந்து பல இடங்களில் முழங்கால் அளவுதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஜோல்ஃபோ ஸ்பிரிங்ஸிலும் ஆர்கேடியாவிலும் நீர்மட்டம் அளக்கிறது. அந்தக் கணக்கு நெட்டிலேயே கிடைக்கும். அதைப் பார்க்காமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. புதிதாக வருகிற எல்லோரும் இறங்கினவுடனே பல்லைத் தேடுகிறார்கள். கால் வைத்த இடத்தில் மணலை அள்ளிச் சலிக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகிறது, ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று கரையேறிவிடுகிறார்கள். தேட வேண்டியது பல்லை இல்லை, சரளையை. வெள்ளை மணலை நாளெல்லாம் சலித்தாலும் மணல்தான் வரும். பல் கனமான பொருள். ஓட்டம் எங்கே கல்லை இறக்கிவைக்கிறதோ அங்கேதான் பல்லையும் இறக்கிவைக்கும். வளைவின் உட்பக்கம், விழுந்து கிடக்கிற மரத்துக்குப் பின்னால், ஓட்டம் திடீரென்று தணிகிற இடம், இங்கெல்லாம் பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு நீளமான இரும்புக் கம்பி இருக்கிறது. அதை மணலில் குத்திக்கொண்டே நடப்பேன். சும்மா மணல் என்றால் சத்தமில்லாமல் இறங்கும். சரளை என்றால் நறநறவென்று கையிலேயே தெரியும். மேலே ஓரடி மணல் மூடியிருந்தாலும் கம்பி சொல்லிவிடும். அந்தக் கம்பியை யாழினியிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு அது பிடிக்கும்.

சரளை பெரிய பட்டாணி அளவும் அதற்கு மேலும், கறுப்புக் கற்கள் கலந்து இருந்தால் அங்கேயே நின்றுவிடு. அங்குமிங்கும் ஓடாதே. மேலாக வழித்து அள்ளாமல் மண்வெட்டியை ஆழமாக இறக்கு. அடியில் களிமண் தட்டுப்படுகிற இடத்துக்குச் சற்று மேலேதான் கனமானதெல்லாம் சேர்ந்திருக்கும். சல்லடைக் கம்பிவலை கால் அங்குலக் கண்தான் சரி. அரை அங்குலம் என்றால் வேலை சுருக்காக முடியும், ஆனால் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய பல்லில் முக்கால்வாசி ஓட்டை வழியாக ஆற்றுக்கே திரும்பிவிடும். மரச்சட்டத்தைச் சுற்றி நீச்சல்குளத்து நுரைக்குழாய் கட்டி, சல்லடை தானே மிதக்கும்படி அப்பா செய்திருக்கிறார்.

அலசியபின் சல்லடையில் கறுப்புக் கல்லாக நிறைந்திருக்கும். முதலில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவாளே, அதே வேலைதான், இங்கே கல்லில் பல்லைப் பொறுக்குகிறோம். நிறத்தைப் பார்க்கக் கூடாது, எல்லாமே கறுப்பு. பளபளப்பையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். ஈரத்தில் பல்லின் மேல்பூச்சு மினுங்கும். கல் அப்படி மினுங்காது. முதல் பல்லை எடுத்து அவள் கையில் நீ கொடுக்காதே. சல்லடையில் ‘இந்த மூலையில் ஒன்று இருக்கிறது’ என்று மட்டும் சொல். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அவளுக்கே படும். குழந்தைகள் கண் நம் கண்ணைவிடச் சுருக்கு.

அதிகம் வருவது லெமன் சுறாப் பல். ஒல்லியான கூர், அடியில் அகன்ற வேர், ஆங்கில T எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல. காளைச் சுறாவின் மேல்தாடைப் பல் அகன்ற முக்கோணம், ஓரத்தில் பொடி ரம்பம். புலிச் சுறாவுடையது ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்தில் வெட்டுப்பட்டு இருக்கும். எனக்குப் பிடித்தது ஹெமிபிரிஸ்டிஸ் என்கிற சுறாவின் பல். ரம்பப் பற்கள் அடியில் சின்னதாகத் தொடங்கி மேலே போகப் போகப் பெரிதாகி, நுனியில் மட்டும் மழமழவென்று விட்டுவிடும். ஊசி மாதிரி நீண்டு, பக்கத்தில் குட்டிக் கூர்களோடு வருவது மணல் சுறா. மெகலோடானைப் பொறுத்தவரை துண்டுகள்தான் வழக்கம். தடிமனும் ரம்ப ஓரமும் காட்டிக்கொடுக்கும். முழுப் பல் என்றால் கூருக்கும் வேருக்கும் நடுவே ஒரு கறுத்த பட்டை இருக்கும். அந்தச் சுறா 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது என்பதையும் அவளிடம் சொல்லி வை. ஆழ்கடலில் இன்னும் உலவுகிறது என்று யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருந்தாள் என்று கவிதா சொன்னாள்.

பல்லைத் தவிர மற்றதும் வரும். சின்னக் கட்டை மாதிரி வரிவரியான துண்டு வந்தால் திருக்கை வாயில் இருக்கிற பல் தகடு. தடித்த, கனத்த, வளைந்த கறுப்புக் கல் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, கடற்பசுவின் விலா எலும்பாக இருக்கும். நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்கிறார்களே, அதன் பழங்காலத்து உறவு. உள்ளே பொள்ளலே இல்லாமல் முழுக்கக் கெட்டியாக இருப்பதுதான் அடையாளம். ஆமை ஓட்டுத் துண்டு, குதிரைப் பல், அதிர்ஷ்டம் இருந்தால் மாமூத் யானையின் பல் சில்லு. கடற்பசுவும் மாமூத்தும் ஒரே காலத்துப் பிராணிகள் என்று நினைத்துவிடாதே. ஆறு பழைய கடல் அடுக்கையும் பிற்காலத்து நில அடுக்கையும் சேர்த்து அறுத்து ஒரே இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் தெரிந்துகொள். சுறாப் பல் எடுக்க அனுமதி வேண்டாம். மற்ற முதுகெலும்புப் பிராணிகளின் படிவம் எதை எடுப்பதானாலும் கெய்ன்ஸ்வில்லில் இருக்கிற புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கட்டணம் சொற்பம். என் பெயரில் இருக்கிறது. நீயும் ஒன்று எடுத்துவிடு. கல்லில் செதுக்கிய அம்புமுனை கிடைத்தால் தொடாமல் விட்டுவிட வேண்டும், அது பூர்வகுடிகளுடையது, ஆற்றுப் படுகையிலிருந்து எடுப்பது குற்றம். கரையைக் குடைவதும் கூடாது. கரை இடிந்துவிடும், அதோடு பல இடங்களில் அது யாரோ ஒருவருடைய தோட்டம்.

முதலை இருக்கிறது. ஒளிக்க மாட்டேன், எப்படியும் நீ பார்க்கத்தான் போகிறாய். குளிர்கால வெயிலில் கரையில் படுத்துக் கிடக்கும். நாம் தள்ளிப் போனால் அதுவும் தன் பாட்டில் இருக்கும். விடியலிலும் அந்தியிலும் தண்ணீரில் இறங்குவதில்லை, கலங்கிய ஆழமான மடுவுக்குப் போவதில்லை, யாழினி கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரக் கூடாது. முதலையைவிட எனக்குப் பயம் மற்றவர்கள் தோண்டி மூடாமல் விட்டுப்போன குழிகள்தான். பழுப்புத் தண்ணீரில் அடி தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது சட்டென்று இடுப்பு வரை இறங்கும். அதற்கும் அந்தக் கம்பிதான். நாம் தோண்டின குழியைக் கிளம்புமுன் மூடிவிட்டுத்தான் வர வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, அரியலூரில் தாத்தா வீட்டுக்குப் போனபோது காரை என்கிற ஊருக்குப் பக்கத்து மண்மேட்டில் நீ நத்தைக்கல் பொறுக்கி டிரவுசர் பையில் போட்டுக்கொண்டாய். அந்த மண்ணிலும் சுறாப் பல் உண்டு, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுப் பழசு. மெகலோடான் பிறக்கவே இல்லாத காலம். யாழினி பெரிய பல் வேண்டும் என்று அடம்பிடித்தால், பழைய பல் எங்கே இருக்கிறது என்று இதைச் சொல்லு. ஊருக்கு அழைத்துப் போகவும் ஒரு சாக்கு ஆகும்.

அவளுடைய கால் அளவை எழுதி அனுப்பு. ஆற்றுக்குச் செருப்பு சரிப்படாது, கால் மூடிய பழைய ஷூ வேண்டும். இங்கே பழைய சாமான் கடையில் பார்த்து வைக்கிறேன். புது ஷூவை ஆற்றில் நனைத்தால் கவிதாவிடம் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

அன்புடன்,
அம்மா